டேலியில பறக்குற கை எக்செல்ல ஏன் மவுஸைத் தேடுது?

கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், இது ஏழாவது வருஷம். காலேஜ் படிக்கும்போதே டைப்ரைட்டிங் லோயர், ஹையர் ரெண்டும் முடிச்சுட்டேன், திருப்பாதிரிப்புலியூர்ல காலையில ஆறரை மணி பேட்ச், ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்னு பக்கம் பக்கமா அடிச்சு சுண்டுவிரல் விண்ணு விண்ணுன்னு வலிக்கும். ஆனா கீயைப் பாக்காம அடிக்கிற பழக்கம் அங்கதான் வந்துச்சு, அது இன்னிக்கு வரைக்கும் சோறு போடுது.

கணக்கு எழுதுற சாஃப்ட்வேர் டேலியில உக்காந்தா எனக்கு மவுஸ் ஞாபகமே வராது. எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரிசிப்ட், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ், தேதி மாத்தணும்னா எஃப்2, பாதி என்ட்ரியில புது பார்ட்டி பேர் வந்துச்சுன்னா அங்கயிருந்தே ஆல்ட் சி போட்டு லெட்ஜர் ஓப்பன் பண்ணிக்கலாம், முடிஞ்சதும் கண்ட்ரோல் ஏ. இதையெல்லாம் ஷார்ட்கட்னு யாரும் எனக்குச் சொல்லித் தரல, டேலின்னாலே இப்படித்தான் அடிக்கணும்னு சொன்னாங்க, அடிச்சோம். டேலி கம்பெனி ஆரம்பிச்சது 1986ல, அந்த சாஃப்ட்வேர் முதல்ல விண்டோஸுக்கு முந்தின டாஸ்ல ஓடுனது, மவுஸை நம்பி செஞ்சதே இல்ல, அதனால எல்லா வேலைக்கும் ஒரு கீ இருக்கு, அந்தக் கீ என்னன்னு ஸ்க்ரீன்லயே எழுதியும் இருக்கு.

அதே கை எக்செல்லுக்கு வந்தா மட்டும் உடனே மவுஸைத் தேடும். எங்க ஆபீஸ்ல மட்டும் இல்ல, நான் பாத்த முக்காவாசி அக்கவுண்ட்ஸ் ஆளுங்களும் இப்படித்தான். டேலியில ஒரு நாளைக்கு முன்னூறு வவுச்சர் போடுறவங்க எக்செல்ல ஒரு காலம் (column) அகலம் பண்றதுக்கு கோட்டு மேல மவுஸை வச்சு அந்த ரெட்டை அம்பு வர்ற வரைக்கும் நகத்திக்கிட்டே இருப்பாங்க.

எனக்கு இது உறைச்சது ஒரு தப்பு நடந்த அப்புறம்தான். பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருத்தரோட ஜூலை மாச பேங்க் ஸ்டேட்மெண்ட், பிடிஎஃப்லேருந்து எக்செல்லுக்கு மாத்தினது, ஆயிரம் வரிக்கு மேல இருக்கும். அதுல ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் தேதி இருக்கும், அதுக்குக் கீழ இருக்குற வரியெல்லாம் காலி. நான் ஒவ்வொரு தேதியையும் ஓரத்துல புடிச்சு கீழ இழுத்து இழுத்து நிரப்பிட்டு இருந்தேன், மணிக்கட்டு வலி வேற. சாயந்திரம் எங்க சீனியர் அக்கா பாத்துட்டு, "ஏம்மா, ஜூலை ஸ்டேட்மெண்ட்ல ஆகஸ்ட் 19 எப்படி வந்துச்சு?"ன்னாங்க. எக்செல்ல தேதியை இழுத்தா அது அப்படியே காப்பி ஆகாது, ஒவ்வொரு நாளா கூடிட்டே போகும், ஜூலை 28க்குக் கீழ 22 வரி இழுத்தா கடைசி வரி ஆகஸ்ட் 19தான். மொத்த ஷீட்டும் தப்பு. அடுத்த நாள் ஜிஎஸ்டி மாசக் கணக்கு 3பி தாக்கல் பண்ற கடைசி தேதி, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அக்கா திட்டல, சேரை இழுத்துப் போட்டு பக்கத்துல உக்காந்தாங்க. பழைய ஸ்டேட்மெண்ட்டைத் திரும்ப எடுத்து தேதி காலத்தை செலக்ட் பண்ணி எஃப்5 அடிச்சாங்க, சின்னதா ஒரு பெட்டி வந்துச்சு, ஆல்ட் எஸ், அப்புறம் கே, என்டர். காலியா இருந்த செல்லு மட்டும் மொத்தமா செலக்ட் ஆயிடுச்சு. அப்புறம் சமக்குறி ஒண்ணு, மேல் அம்பு ஒரு தட்டு, கண்ட்ரோலைப் புடிச்சுக்கிட்டு என்டர். அவ்ளோதான், ஆயிரம் வரியும் மேல இருக்குற தேதியை எடுத்துக்கிச்சு. அதெல்லாம் ஃபார்முலாவா நிக்கும், வேற வரிசையில அடுக்கினா குழம்பிடும், அதனால காலத்தைக் காப்பி பண்ணி அங்கேயே ஆல்ட், இ, எஸ், வி, என்டர் போட்டு வெறும் வேல்யூவா மாத்துனாங்க. அந்த ஆல்ட் இ எஸ் வி 2003 எக்செல் காலத்து மெனு. 2007ல ரிப்பன் (மேல இருக்குற பட்டன் பட்டை) வந்ததும் அந்த மெனுவே காணாமப் போயிடுச்சு, ஆனா கீ மட்டும் இன்னும் வேலை செய்யுது. அக்கா விரல் அதை மறக்கவே இல்ல.

அன்னிக்கு அக்கா சொன்ன இன்னொண்ணுதான் எனக்குப் பெருசா பட்டுச்சு. ஆல்ட்டைத் தட்டிட்டு விட்டுடு, மேல பாருன்னாங்க. பாத்தா ரிப்பன்ல ஒவ்வொரு டேப் மேலயும் குட்டி குட்டி எழுத்து! ஹெச் தட்டினா ஹோம்ல இருக்குற பட்டனுக்கெல்லாம் எழுத்து வருது, ஓ, அப்புறம் ஐ, காலம் தானா அகலமாயிடுச்சு. டேலி மாதிரியே இதுவும் ஸ்க்ரீன்லயே காட்டுது, இத்தனை வருஷம் நான்தான் கேக்கல. நெட்ல நூறு ஷார்ட்கட் இருநூறு ஷார்ட்கட்னு படம் போட்டு வைக்கிறாங்க, நானும் பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டி வச்சிருந்தேன், ஒண்ணும் மனசுல நிக்கல. ஒரே வேலைக்கு மூணாவது தடவை கை மவுஸுக்குப் போச்சுன்னா நிறுத்தி, ஆல்ட் தட்டி, எழுத்தைப் படிச்சு, அன்னிக்கு ஃபுல்லா அதை மட்டும் அடிக்கணும், அப்படி வந்தது மட்டும்தான் என்கிட்ட தங்குச்சு. கண்ட்ரோல் ஷிஃப்ட் எல் ஃபில்டர், கண்ட்ரோல் டி மேல இருக்குறதை அப்படியே கீழ இறக்க (இதுல தேதி ஏறாது, நிம்மதி), ஆல்ட்டோட சமக்குறி டோட்டல் போட, கண்ட்ரோலோட அரைப்புள்ளி இன்னிக்குத் தேதிக்கு.

மவுஸை விடவே முடியாதுங்குறவங்களுக்கும் வழி இருக்கு. இசட், எக்ஸ், சி, வி நாலும் இடது கைப் பக்கம் ஒண்ணுக்கு ஒண்ணு பக்கத்துல இருக்கு பாத்தீங்களா, வலது கை மவுஸ்ல இருக்கும்போதே இடது கை கண்ட்ரோலோட சேத்து அன்டூ, கட், காப்பி, பேஸ்ட் எல்லாம் பண்ணிடலாம். இந்த கட், காப்பி, பேஸ்ட்டை 1970கள்ல ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக்கூடத்துல கொண்டு வந்தவர் லாரி டெஸ்லர், 2020ல காலமானாரு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவரு செஞ்சதைத் தொடுறோம்னு நெனச்சா எனக்கு அவர் மேல பெரிய மரியாதை வருது.

பார்ட்டிங்க எதிர்லயே உக்காந்திருக்குற ஆபீஸ்னா விண்டோஸ் எல் கண்டிப்பா பழகிக்கோங்க, எழுந்திரிக்கும்போது ஒரு தட்டு, ஸ்க்ரீன் பூட்டிக்கும், ஒருத்தர் கணக்கு இன்னொருத்தர் கண்ணுல படக் கூடாது. விண்டோஸ் வி போட்டா கடைசியா காப்பி பண்ண 25 ஐட்டம் வரைக்கும் லிஸ்ட்டா வரும், முதல் தடவை ஆன் பண்ணிக்கணும். ஜிஎஸ்டி நம்பர், இன்வாய்ஸ் நம்பர், தொகைன்னு மூணையும் வரிசையா காப்பி பண்ணிட்டு ஒண்ணொண்ணா எடுத்துப் போடலாம், ஜன்னல் மாத்தி மாத்தி ஓட வேண்டாம்.

தமிழ்ல லெட்டர் அடிக்க நான் தமிழ்99தான் வச்சிருக்கேன், 1999ல தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட கீபோர்டு லேஅவுட். உயிரெழுத்து இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை, ஒரே எழுத்தை ரெண்டு தடவை அடிச்சா முதல்ல வர்றதுக்கு அதுவே புள்ளி வச்சுக்கும், "அம்மா"ன்னு அடிக்க நாலே தட்டு. டைப்ரைட்டிங் படிச்ச கைக்கு ஒரு வாரத்துல பழகிடும்.

போன மாசம் முதுநகர்லேருந்து புதுசா ஒரு பொண்ணு வேலைக்குச் சேர்ந்திருக்கா. டேலியில நல்ல ஸ்பீடு. நேத்து ஒரு ஸ்டேட்மெண்ட்ல தேதியை மவுஸால இழுத்துட்டு இருந்தா, நானும் சேரை இழுத்துப் போட்டு பக்கத்துல உக்காந்தேன். எஃப்5 அடிம்மான்னேன்.