முதல் இரண்டு நாளும் எண்ணெய்ப் போத்தலைத் தொட வேண்டாம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பெரும்போக அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் அடிபட்டு வீங்கிய கைகால்களுக்குக் குறைவிருப்பதில்லை. வரம்பில் வழுக்கி விழுபவர்களும், நெல் மூட்டை இறக்கும்போது காலில் போட்டுக்கொள்பவர்களும், கிறவல் வீதியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி முழங்காலை மோதிக்கொள்பவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தோல் கிழிந்து இரத்தம் ஓடினால் உடனே வைத்தியசாலைக்குப் போகும் நாங்கள், தோல் கிழியாத அடியை வீட்டிலேயே, அதுவும் பெரும்பாலும் பிழையான ஒழுங்கில், பார்த்துக்கொள்கிறோம். அந்த ஒழுங்கைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அடிபட்ட இடத்தில் தோலுக்குக் கீழுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைந்து, இரத்தம் சுற்றிவரக் கசிந்து தேங்குவதே கண்டல். கசிவு நிற்பதற்கு முன் அந்த இடத்தைச் சூடாக்கினால் குழாய்கள் விரிந்து கசிவு கூடும். அழுத்தி உருவினால், அடைபடத் தொடங்கிய குழாய்கள் மீண்டும் உடையும். எங்கள் வீடுகளில் முதலில் நடப்பவையோ இவை இரண்டும்தான். "எண்ணெயைச் சூடாக்கி நல்லா உருவி விட்டாச் சரியாயிரும் மனே" என்று சொல்லும் அம்மம்மாவின் அன்பில் எனக்கு ஐயமே இல்லை. அவருடைய நொச்சியிலை ஒத்தணத்துக்கும் வேப்பெண்ணெய்க்கும் இடமுண்டு. ஆனால் அந்த இடம் வீக்கம் கூடுவது நின்ற பிறகு, அதாவது மூன்றாம் நாளளவில்தான் வருகிறது. அப்போதும் மெதுவாகத் தடவுவதே போதும். குறிப்பாகத் தொடைத் தசையில் ஆழமாக அடிபட்டிருந்தால் பலமாக உருவவே கூடாது. அப்படிப்பட்ட கண்டல், சிலருக்குத் தசைக்குள்ளேயே எலும்பு படியும் நிலைக்குப் போய்விடுகிறது.

முதல் இரண்டு நாளுக்கும் உரியது குளிர் ஒத்தணம். ஐஸ் கட்டியைத் துவாயில் சுற்றிப் பத்து முதல் இருபது நிமிடம் வரை வைத்து எடுத்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி வைக்கலாம். வெறும் ஐஸைத் தோலில் நேரடியாக வைத்தால் தோல் கருகும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணியை அடிக்கடி மாற்றிப் போடுவதும் பயன் தரும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு மட்டும் ஐஸ் வேண்டாம். குளிர் மிஞ்சிப்போவதை அவர்களால் உணர முடியாது. ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978இல் ஒரு சூத்திரமாகச் சேர்த்துச் சொன்ன அமெரிக்க வைத்தியர் கேப் மிர்கின், ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் தாமே எழுதினார். ஆகவே, வலி கடுமையாக உள்ள தொடக்க நேரத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவதே சரியென்று நான் கருதுகிறேன்.

காலை உயர்த்தி வைப்பதென்றால் கதிரையில் இருந்துகொண்டு ஸ்டூலில் காலை நீட்டுவதன்று. படுத்து, தலையணைகளை அடுக்கி, நெஞ்சு மட்டத்துக்கு மேலே கால் இருக்கும்படி வைக்க வேண்டும். மீள்தன்மையுள்ள பண்டேஜைச் சுற்றுவதானால் விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றிவிட்டு, கால் பெருவிரல் நகத்தை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வெளிறிய நகம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பாவிட்டாலும், விரல் விறைத்தாலும், உடனே கட்டைத் தளர்த்த வேண்டும். கையில் அடிபட்டால் எல்லாவற்றுக்கும் முன்பாக மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டி வரும்.

நிறம் மாறுவதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். சிவப்பாகத் தொடங்கி, நீலமும் கருமையுமாகிப் பின்னர் பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறுவது, தேங்கிய இரத்தத்தை உடல் சிதைத்து அகற்றுவதன் அடையாளம். பொதுவாக இரண்டு வாரத்தில் அது மறைந்துவிடும். முழங்காலில் அடிபட்டவருக்குச் சில நாள் கழித்துக் கணுக்கால் நீலமாவதும், இரத்தம் கீழ்நோக்கி இறங்குவதால்தான்.

வலிக்குப் பரசிட்டமோல் போதும். வளர்ந்தவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் எட்டுக்கு மேற்படாமல் எடுக்கலாம். ஈரல் நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்க வேண்டும். இபுபுரோபனையும் டைக்லோபெனாக்கையும் பார்மசியில் கேட்டு வாங்கும் பழக்கம் இங்கு உண்டு. மாரி காலத்தில், காய்ச்சலும் சேர்ந்திருந்தால், அவற்றைத் தொடவே கூடாது. டெங்குவில் அவை இரத்தப்போக்கைக் கூட்டும். அடிபடாமலே உடலில் நீலத் திட்டுகள் தோன்றினால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டால், எலும்பின் மேல் தொட்டாலே துடித்தால், உறுப்பு கோணியிருந்தால், எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். முறிவு நெரிவு வைத்தியரிடம் போக விரும்புபவர்களும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகட்டும். தசை கல்லாக இறுகி, விரலை அசைத்தாலே தாங்க முடியாத வலி எடுக்குமானால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தசைக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைப்படும் அந்த நிலையில் சில மணி நேரத் தாமதமே காலைப் பறித்துவிடும். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்; 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு படுவான்கரையிலிருந்து வாவியைக் கடக்க ஓடத்துக்குக் காத்திருக்கும் நிலையும் பெரிதும் குறைந்திருக்கிறது.

தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், குழப்பம் இருந்தால் யாராயினும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வாபரின், குளோப்பிடோகிரல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுக்கும் முதியவர்களானால், எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும். அவர்களுக்கு உள்ளே மெதுவாகக் கசியும் இரத்தம் வெளியே தெரிய நேரமெடுக்கும். போகும்போது கிளினிக் கொப்பியையும், அன்று காலை எடுத்த மருந்துகளின் உறைகளையும் கையோடு கொண்டுபோங்கள். எப்போது, எப்படி விழுந்தார் என்பதைப் பார்த்த ஒருவரே கூடப் போவது நல்லது.