பூட்டிய வீட்டில் நாயின் முதல் அரை மணி நேரம்

திருப்பூர் லைன் வீடுகளில் எல்லாரும் எட்டரை மணி ஷிப்டுக்குக் கிளம்பியதும் நாய் ஊளையிடத் தொடங்கும். பக்கத்து வீட்டார் சொல்லித்தான் நமக்கே தெரியவரும். உடனே பழைய செல்போன் ஒன்றை அலமாரி மேல் சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள். நாங்கள் பழக்கிய நாலு வயது நாட்டு நாய், கேட் தாழ்ப்பாள் போட்ட மூன்றாம் நிமிடமே மூச்சிரைத்து, எச்சில் ஒழுக, கதவின் அடியைப் பிறாண்டியது. தட்டில் வைத்த சோறு அப்படியே கிடந்தது.

அது சேட்டை இல்லை, பயம். பொழுது போகாத நாய் செருப்பைக் கடிக்கும், ஆனால் சோற்றையும் தின்றுவிடும். பயந்த நாய் பெரும்பாலும் நாம் போன வாசலையும் சன்னலையும்தான் பிறாண்டும், சோற்றைத் தொடாது. ஆள் இருக்கும்போதும் வீட்டுக்குள் மூத்திரம் போனால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், அதை முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பழக்கும் காலம் முழுக்க, நாய் தாங்கும் நேரத்துக்கு மேல் ஒரு நாளும் தனியே விடக்கூடாது. இதுதான் இருப்பதிலேயே கஷ்டம். ஊரிலிருந்து அம்மிச்சி வந்து தங்கினார், மற்ற நாட்களில் ஆளுக்கொரு ஷிப்டாக மாற்றிக்கொண்டோம். இதைச் செய்யாமல் பயிற்சியை மட்டும் செய்வது வீண். காலையில் பத்து நிமிடம் பழக்கிவிட்டு பகல் முழுக்க அலற விட்டால், பழகியதெல்லாம் அன்றே குலைந்துவிடும்.

சாவிக்கொத்து, ஹெல்மெட், சாப்பாட்டுப் பை மூன்றையும் கண்டாலே நாய் நடுங்கும். அவற்றை எடுத்துக்கொண்டு வெளியே போகாமல் உட்கார்ந்து டீ குடியுங்கள். நாளுக்குப் பத்துத் தடவையாவது செய்து, சாவி குலுங்கினாலும் நாய் தலை தூக்காத நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்குப் பிறகுதான் கதவு. வெளியே போய் 5 நொடி நின்று, உள்ளே வந்து, கொஞ்சாமல் உட்காருங்கள். அடுத்து 10 நொடி, பிறகு 7, 20, 12, 30. ஏறிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் முன்னதைவிடக் கடினம் என்று நாய் கற்றுக்கொள்ளும், அதனால்தான் இந்த ஏற்ற இறக்கம். தொடக்கத்தில் இந்தப் பயிற்சி ஒரு நாளைக்கு ஒரே வேளை, கால் மணி நேரம் போதும். உள்ளே இருக்கும் போனிலிருந்து வீடியோ கால் போட்டு, நம் பக்கச் சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள். கரண்ட் போனால் வைஃபையும் போகும், மொபைல் டேட்டாவே நம்பிக்கை. காரணமில்லாத கொட்டாவி, உதட்டை நக்குவது, காதைப் பின்னால் மடிப்பது, கதவுக்கும் கட்டிலுக்கும் நடப்பது, இவை ஊளைக்கு முன்னால் வரும். ஊளை வரும்வரை காத்திருந்தால் அன்றைய பயிற்சி போச்சு. 40 நொடியில் கொட்டாவி வந்தால் மறுநாள் 20 நொடியில் தொடங்குங்கள்.

முதல் 30 நிமிடத்தை எட்ட எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குப் போக அவ்வளவு நாள் ஆகவில்லை.

ரப்பர் பொம்மைக்குள் தயிர்சாதம் அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கலாம், வெங்காயம் சேரக்கூடாது. ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், சோறு தீர்ந்ததும் பயம் திரும்பும். கட்டிப்போடுவதும் கூண்டில் அடைப்பதும் ஆபத்து: கம்பியைக் கடித்துப் பல் உடைந்த நாய்கள் உண்டு. சித்திரை வெயிலில் ஷீட் கூரை வீட்டுக்குள் பூட்டினால் உயிருக்கே கேடு. அடி கொடுத்தால் பயம்தான் கூடும்.

ஒரு நிமிடம்கூடத் தாங்காத நாய்க்கு மருந்து கேட்பதில் தயக்கமே வேண்டாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் மருத்துவரிடமோ வீடியோவைக் காட்டுங்கள். ஃப்ளுஆக்ஸெட்டின், க்ளோமிப்ரமின் இரண்டும் இதற்குத் தரப்படுபவை. பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம், திடீரென்று நிறுத்தக்கூடாது. உண்ணிக்கு அமிட்ராஸ் போட்டிருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள், அது இவற்றோடு சேரக்கூடாது.

தீபாவளிக்கு கம்பெனி லீவு விட்டு, வீடு நிறைய ஒறம்பரை (உறவினர்) இருந்த பிறகு, நாய் மறுபடி வாசலில் உட்காரும். லீவு முடியும் முன்பே பத்து நிமிடத்திலிருந்து தொடங்கிவிடுங்கள். இந்த முறை சில நாட்களில் பழைய நேரத்துக்கு வந்துவிடும்.