எண்ணெய் வண்ணத்தில் அப்பாயியின் முகம்

கும்பகோணத்தில் ஓவியம் பயின்ற ஆசிரியர் ஒருவரிடம், மரபு முறையில் எண்ணெய் வண்ண உருவப்படம் தீட்டக் கற்று வருகிறேன். திருவையாற்று வீட்டின் வடக்குச் சன்னலோரம் அமர்ந்திருக்கும் எங்கள் அப்பாயிதான் என் முதல் படம். தஞ்சாவூர் ஓவியத்தில் கோட்டால் உருவாகும் முகம், இங்கே ஒளியும் நிழலும் சந்திக்கும் விளிம்பால் உருவாகிறது. ஆகவே எரித்த அம்பர் என்னும் பழுப்பு நிறத்தை டர்பன்டைன் என்னும் கரைப்பானில் மெல்லியதாகக் கரைத்து, கண், மூக்கு எதையும் வரையாமல், நிழற்பரப்புகளை மட்டுமே முதலில் இடுகிறோம். அம்பரில் இயல்பாகவே உள்ள மாங்கனீசு அதை விரைவில் காயச் செய்வதால், அது அடிப்பூச்சுக்கு மிகவும் ஏற்றது.

வண்ணப்பொடியைக் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்ல இறுகுகிறது; எண்ணெய் கூடினால் காய்வதும் தாமதமாகும். எனவே அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சுகளில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். முறை மாறினால், மேலே முந்திக் காய்ந்த படலம் நாளடைவில் வெடிக்கும்.

என்னை முழுமையாக ஆட்கொண்டது தோலின் நிறம்தான். கருத்த மேனியின் ஒளிபடும் இடங்களை வெறும் வெள்ளை கலந்து வெளுக்கச் செய்தால் முகம் சாம்பல் பூத்துவிடும். மஞ்சள் காவியும் எரித்த சியன்னா என்னும் செம்பழுப்பும் சேர்ந்து கன்னத்துக்கு உயிர் தருகின்றன. சன்னலின் குளிர்ந்த ஒளி நெற்றியில் படும் இடத்திலோ அல்ட்ராமரின் நீலத்தின் சாயல் சிறிது தேவைப்படுகிறது. அந்த நீலத்தைக் கண்ணால் கண்டுகொள்வதே, என் கருத்தில், இக்கலையின் பெரும்பகுதி. அப்பாயியின் கழுத்துச் சுருக்கங்களில் இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.