ஒரு 4017, ஆறு விளக்கு: போய்த் திரும்பும் ஓடுவிளக்கு

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றின் மாரியம்மன் திருவிழாப் பந்தலுக்குக் கட்டிய சேர்கிட் இது. தேவையானவை: ஒரு 555 (துடிப்பு தரும் டைமர் ஐசி), ஒரு சிடி4017 (துடிப்பை எண்ணும் ஐசி), பத்து 1என்4148 டயோட் (மின்னை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்), ஆறு சிவப்பு எல்ஈடி, 9 வோல்ட் அடப்டர். ஐசியைக் கேட்டு வாங்கும்போது எழுத்தையும் பாருங்கள். 74எச்சி4017 என்றிருந்தால் அது 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

முதலில் 555. 8ஆம் காலுக்கும் 7க்கும் இடையில் 10 கிலோ ஓம்; 7க்கும் 6க்கும் இடையில் 10 கிலோ ஓமும் 100 கிலோ ஓம் பொட்டும் (திருகி அளவு மாற்றும் ரெசிஸ்டர்) தொடராக. 2ஐயும் 6ஐயும் சேர்த்து, அங்கிருந்து 2.2 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டரைத் தரைக்கு (அடப்டரின் மைனஸ்) கொடுங்கள். 4ஆம் கால் 8உடன், 1 தரைக்கு. வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3 துடிப்பிலிருந்து 22 வரை மாறும். 3ஆம் கால் 4017இன் 14க்குப் போகும்.

திரும்பி ஓடுவதெல்லாம் டயோட்டின் வேலைதான். 4017 பத்து வெளியீடுகளை ஒவ்வொன்றாக உயர்த்தும். முதல் விளக்குக்கு 3ஆம் கால் மட்டும். இரண்டாவதற்கு 2உம் 11உம், மூன்றாவதற்கு 4உம் 9உம், நான்காவதற்கு 7உம் 6உம், ஐந்தாவதற்கு 10உம் 5உம், ஆறாவதற்கு 1 மட்டும். முனை விளக்குக்கு இரண்டு வெளியீடு கொடுத்தால் அங்கே தயங்கி நின்றுவிடும், ஓட்டத்தின் அழகு கெடும். டயோட் இல்லாமல் இரண்டு கால்களை நேராக முடிச்சுப் போட்டால் ஒன்று மேலே இழுக்கும், மற்றது கீழே இழுக்கும். விளக்கு மங்கும், ஐசி சூடாகும். முனைகளுக்கு டயோட் கட்டாயமில்லை. ஆனாலும் போடுங்கள், வெளிச்சம் ஒரே அளவாக இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு விளக்குதான் எரிவதால், ஆறு எல்ஈடியின் கத்தோட்டையும் (மைனஸ் கால்) சேர்த்து ஒரே 680 ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தரைக்கு விடலாம்.

4017 தரும் மின்னோட்டம் சில மில்லியம்பியர்தான். சாமி அறைக்கு அது போதும், பந்தலுக்குப் போதாது. அதற்கு முழுச் சேர்கிட்டையும் 12 வோல்ட்டில் ஓட்டி, ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பிசி337 ட்ரான்சிஸ்டர் வையுங்கள். டயோட்கள் சேரும் இடத்திலிருந்து ட்ரான்சிஸ்டரின் பேஸ் காலுக்கு 4.7 கிலோ ஓம், அதே இடத்திலிருந்து தரைக்கு 100 கிலோ ஓம். 100 மில்லியம்பியர் வரை 12 வோல்ட் எல்ஈடி பட்டியைத் தாராளமாக எரிக்கும். அப்போது அந்த 680 ஓம் தேவையில்லை.

விளக்கு இடையில் ஒன்றைத் தாண்டிக் குதித்தால் மின்வழங்கலில் 555 கிளப்பும் துள்ளலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 4017இன் மின்வழங்கல் கால்களான 16க்கும் 8க்கும் குறுக்கே, காலை ஒட்டியே, 0.1 மைக்ரோஃபரட் வையுங்கள்; 555இன் 5ஆம் காலிலிருந்து தரைக்கு 0.01. கை கிட்டப் போனதும் ஓட்டம் மாறினால் 13உம் 15உம் தரையோடு சேராமல் தொங்குகின்றன என்று அர்த்தம்.

மலைநாட்டுப் பனிமூட்டத்தில் இன்னொரு தொல்லை உண்டு. ஈயம் பற்ற வைத்த பிறகு போர்ட்டில் ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) எஞ்சினால் அது ஈரத்தை உறிஞ்சும், கால்களுக்கிடையே மின் கசியும், அணைய வேண்டிய விளக்கு மங்கலாக எரியும். மேலே ட்ரான்சிஸ்டருக்குச் சொன்ன 100 கிலோ ஓம் அந்தக் கசிவைத் தரைக்கு இறக்கிவிடும். அதோடு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹோல் தொட்ட பழைய பல்தூரிகையால் போர்ட்டைத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகே பெட்டிக்குள் வைத்து மூடுங்கள்.