மூன்று பேர் வீட்டுக்கு ஒரு விலை

திருச்சி கருமண்டபம் பக்கம் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு முதலில் சொன்ன விலை 75 லட்சம். முடிந்தது 64.5 லட்சத்துக்கு. "நல்லா அடிச்சுப் பேசினீங்களா?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடித்துப் பேசிக் குறைந்தது அதில் கொஞ்சம்தான். மீதி எப்படிக் குறைந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான்கு சென்ட் மனை, அதில் முப்பது வருடம் தாண்டிய கீழ்த்தளம் மட்டும். விற்கிறவர்கள் அண்ணன், தம்பி, தங்கை என மூன்று பேர். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிக் கட்டிய வீடு. அவரும் அம்மாவும் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார்கள். அண்ணன் உள்ளூர், தம்பி ஓசூர், தங்கை பெங்களூரு. புரோக்கர் எங்களிடம் வீட்டைக் காட்டியது 2025 ஆனி மாதக் கடைசியில்.

விலை பேசுவதற்கு முன்னால் அந்தத் தெருவில் உண்மையில் என்ன ரேட் போகிறது என்று தெரிய வேண்டும். புரோக்கரைக் கேட்டால் ஒரு ரேட், டீக்கடையில் கேட்டால் இன்னொரு ரேட். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது ஒரு சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியலை, காசு கட்டாமலே பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே நம்பர் தெரிந்தால் போதும். நம் வீட்டுக்கு மட்டும் என்றில்லை, பக்கத்து சர்வே நம்பர்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு கிரயத்துக்கும் நேராகக் கைமாற்றுத் தொகை இருக்கும். ஆனால் அந்தத் தொகையை அப்படியே நம்பக் கூடாது. பாதிப் பேர் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை ஒட்டி ஒரு தொகையைப் பத்திரத்தில் போட்டுவிட்டு மீதியைக் கையில் வாங்கிக்கொள்கிறார்கள்.

இதற்கு ஒரு வழி உண்டு. கிரயப் பதிவுக்கு அடுத்தே, அதே தேதியில், வங்கிக்கு அடமானம் வைத்த பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்கள் வீட்டுக் கடனில் வாங்கியவர்கள். தொகையைக் குறைத்துக் காட்டினால் கடனும் குறையும் என்பதால், அங்கே எழுதியிருக்கும் தொகை பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். அப்படிப்பட்ட பதிவுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கணக்குப் போட்டதில் சதுர அடி 2,900-லிருந்து 3,200 வரை வந்தது. நான்கு சென்ட் என்றால் 1,742 சதுர அடி. மனைக்கு 54 லட்சம், பழைய கட்டடத்துக்கு எட்டோ ஒன்பதோ. 65-க்கு மேல் போனால் எழுந்து வந்துவிடுவது என்று நானும் மனைவியும் முடிவு செய்துகொண்டோம்.

அப்புறம் டேப். எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய வீடு என்றாலே அவருக்கு ஒரு குஷி வந்துவிடும். சுவரில் கையை வைத்து ஓதம் பார்த்தார், குளியலறைக்குப் பின்பக்கம் போய்ப் பூச்சைத் தட்டிப் பார்த்தார், மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பார்த்தார். இதையெல்லாம் வைத்து விலையைக் குறைக்க முடியாது என்றும் அவரே சொன்னார். "பழைய வீட்டை விக்கிறவனுக்கு அது பழைய வீடுன்னு தெரியாதா? ஓதத்தைக் காட்டினா 'இடிச்சுட்டுக் கட்டுங்க சார், மனை விலைதானே சொல்றோம்'பான். அளவுதான் பேசும்."

அளந்தோம். பத்திரத்தில் இருக்கும் அளவுக்கு மேற்கு, வடக்கு, தெற்கு எல்லாம் சரியாக இருந்தது. கிழக்கே மட்டும், தெருவில் சாக்கடை வந்தபோது காம்பவுண்டு சுவரை உள்ளே தள்ளிக் கட்டியிருந்தார்கள். ஐம்பது சதுர அடிக்குக் கொஞ்சம் கூடுதலான இடம் இப்போது சாக்கடையும் அதன் மேல் போட்ட சிலாபும். பட்டாவிலும் அந்த அளவு குறைத்தே இருந்தது. அண்ணன்காரரைப் பக்கத்தில் நிற்க வைத்து, டேப்பின் மறுமுனையை அவர் கையிலேயே கொடுத்தார் மாமா. எண்ணை அவரே படித்துச் சொன்ன பிறகு வாதம் இல்லை. 75 என்பது 73 ஆனது அங்கேதான்.

அதோடு நின்றுவிட்டது. நாங்கள் 60 என்று ஆரம்பித்திருந்தோம். ஆடி பிறந்துவிட்டதால் அவர்களும் அட்வான்ஸ் வாங்க மாட்டார்கள், நாங்களும் கொடுக்க மாட்டோம். புரோக்கர் மட்டும் விடாமல் போன் செய்வார். "சார், வேற பார்ட்டி ஒண்ணு ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு டோக்கன் அட்வான்ஸ் போட ரெடியா இருக்கு." "நல்ல விலை வந்தா அவங்களுக்கே முடிச்சுக் கொடுங்கண்ணே" என்பேன். சிரித்துவிட்டு வைத்துவிடுவார். எனக்கு ஆடி மாதம் ஒரு வசதியாகத்தான் இருந்தது. யாரும் யாரையும் அவசரப்படுத்த முடியாத மாதம். புரோக்கர் பேசப் பேச அந்தக் குடும்பத்துக் கதையும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

75 என்ற விலை எங்கிருந்து வந்தது தெரியுமா? மனை ரேட்டைப் பார்த்தோ, கட்டடத்தை மதிப்பிட்டோ சொன்னதில்லை. ஆளுக்கு 25. அவ்வளவுதான். தம்பிக்கு ஓசூரில் அபார்ட்மென்ட் கடனை முடிக்க வேண்டும். அண்ணனுக்கு மகள் கல்யாணம். தங்கை என்ன நினைக்கிறார் என்று புரோக்கருக்கே தெரியவில்லை, ஏனென்றால் அவரிடம் யாரும் பேசியதே இல்லை. ஒரு நாள் புரோக்கர் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சிக்குக் கல்யாணத்துக்கே நெறைய செஞ்சுட்டாங்களாம் சார். ஒரு தொகையைக் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிட்டா, அப்புறம் ரெண்டு பேர்கிட்ட பேசினா போதும். விலையும் குறையும்." விடுதலைப் பத்திரம் என்றால் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது.

குறையலாம். எங்கள் வக்கீல் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். அப்பாவின் சுய சம்பாத்தியச் சொத்து, உயில் இல்லை என்றால் மகளுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு உண்டு; கல்யாணத்துக்கு எவ்வளவு செய்திருந்தாலும் அது வேறு கணக்கு. பின்னால் "என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள்" என்று ஒரு வழக்கு வந்தால் நாம்தான் வாசலில் நிற்க வேண்டும். எனக்கும் அந்த வழியில் வரும் லாபம் பிடிக்கவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்தால்தான் அடுத்துப் பேசுவோம் என்று சொல்லிவிட்டேன்.

ஆவணியில் உட்கார்ந்தார்கள். அண்ணன்தான் பேசினார். முழுத் தொகையையும் பத்திரத்தில் போட முடியாது, 45-க்குப் பதிந்துவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுங்கள், உங்களுக்கும் பத்திரச் செலவு மிச்சம் என்றார். மிச்சம்தான். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். இருபது லட்சத்தை மறைத்தால் 1.8 லட்சம் கையில் நிற்கும். ஆனால் அது சட்டவிரோதம். சொத்துக் கிரயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. தவிர, நாங்கள் வீட்டுக் கடனில் வாங்குகிறோம். வங்கி, பத்திரத் தொகைக்குத்தான் கடன் கொடுக்கும். அதனால் சொன்னேன்: "எல்லாமே ஒயிட்தாங்கண்ணே. மூணு பேர் பேருக்கும் தனித்தனியா டிடி. பதிவன்னிக்கு ஆபீஸ்லயே அவங்கவங்க கையில."

அதுவரை காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தார். "எம் பேருக்குத் தனியாவா சார்?"

"ஆமாம்மா. அட்வான்ஸே உங்க அக்கவுண்டுக்குத் தனியாத்தான் வரும்."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணன் எங்களை வெளியே கொஞ்சம் நிற்கச் சொன்னார். நாங்கள் வாசலில் அந்தச் சாக்கடை சிலாபு மேல் நின்றுகொண்டிருந்தோம். மாமா என் காதில் சொன்னார்: "இனிமே மொத்த விலையைச் சொல்லாதே. பங்கைச் சொல்லு."

இந்த ஒன்றுதான் முக்கியம் என்பேன். 'மூன்று லட்சம் குறையுங்கள்' என்றால் மூன்று பேருக்குமே மூன்று லட்சம் போகிற மாதிரி வலிக்கிறது. 'ஆளுக்கு 21' என்றால் ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும் கணக்குப் போடுகிறார். உள்ளே போனதும் அப்படியே பேசினேன். ஆளுக்கு 21. தம்பி 22 என்றார். தங்கை எதுவும் கேட்கவில்லை. கூடத்து ஊஞ்சல் பலகையைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார். தாராளமாக என்றேன். அண்ணன் கடைசி வரை மொத்தத்தில்தான் பேசினார், 69, 68 என்று. மற்ற இருவரும் அப்போது மொத்தத்தை விட்டிருந்தார்கள். ஆளுக்கு 21.5 என்று முடிந்தது. அண்ணனின் முகம் கொஞ்சம் நேரம் சரியில்லை. போர்வெல் மோட்டாரைக் கழற்றிப் போவதாகச் சொன்னவர், பிறகு அதையும் விட்டுவிட்டார்.

அக்ரிமெண்ட்டில் சில விஷயங்களை வக்கீல் கறாராக எழுத வைத்தார். அட்வான்ஸ் ஆளுக்கு இரண்டு லட்சம், வங்கி வழியாக. வாரிசுச் சான்றிதழும் மூவர் பெயரில் கூட்டுப் பட்டாவும் அவர்கள் பொறுப்பு, அவர்கள் செலவு. சொத்து வரி, மின்கட்டணப் பாக்கி அவர்களுடையது. வங்கியின் வக்கீல் தடை சொன்னால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வரும். இந்தக் கடைசி வரியை எழுதிக் கொடுக்க யோசிக்கிற வீட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது. தாசில்தார் அலுவலகத்திலிருந்து வாரிசுச் சான்று வருவதற்குத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. மற்றவை மளமளவென்று நடந்தன.

வங்கியின் மதிப்பீட்டாளர் போட்ட மதிப்பு 62 லட்சம். பேசிய விலை எதுவானாலும் இரண்டில் குறைந்ததற்குத்தான் கடன். அதில் 80 சதவீதம், 49.6 லட்சம். பத்திரச் செலவு 5.8 லட்சம் தனி. புரோக்கர் இரண்டு சதவீதம் கேட்டார், ஒன்றுக்குப் பேசினோம். எதிர்பார்த்ததைவிடச் சொந்தக் கையிலிருந்து அதிகம் போனது, மனைவியின் வளையல் இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.

பதிவு நாள் முகூர்த்த நாள் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் உட்கார இடமில்லை. டிடியைப் பார்த்ததும் அண்ணன் கணக்குப் போட்டுவிட்டு, "21,500 குறையுதே தம்பி, இது பேசினதுல இல்லையே" என்றார் என்னிடம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குகிறவர் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறையில் கட்ட வேண்டும், அது விற்கிறவரின் வரிக் கணக்கில் வரவாக வந்துவிடும் என்று அங்கேயே நின்று விளக்கினேன். நம்பவில்லை. தங்கைதான், "அண்ணா, எங்க ஃபிளாட்டுக்கும் இப்படித்தான் பிடிச்சோம், கையெழுத்தைப் போடு" என்றார். போட்டார்.

விற்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இந்த வரிக்கான படிவத்தை நிரப்பிப் பணம் கட்ட வேண்டும். கட்டிச் சில நாள் கழித்துச் சான்றிதழ் இறங்கியது, மூவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதுவரை அண்ணனிடமிருந்து காலையில் ஒரு போன், மாலையில் ஒரு போன் வந்துகொண்டிருந்தது.