மணக்குடிக் காயலில் ஒரு சாண் உயரத்தைத் தேடி

பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிக் காயலின் சதுப்புச் செடிகளை வரைபடமாக்கப் போகிறேன் என்றதும், “வான்படம் எடுப்பதுதான் பாடு, உயரத் தரவு இணையத்தில் சும்மாவே கிடைக்கிறதே” என்றார்கள். கிடைக்கிறதுதான். ஆனால் அதை வைத்து இங்கே ஒன்றும் செய்ய முடியாது.

இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் என்ற உலக உயரத் தரவு, 2000ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து ரேடாரால் எடுத்தது. ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். உயரத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம். நம் கடற்கரையிலோ ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றவற்றம், ஏறி இறங்குவதே ஒரு மீட்டருக்குள். எந்தச் செடி எங்கே நிற்கும் என்பது தரை எவ்வளவு நனைகிறது என்பதைப் பொறுத்தது. சுரபுன்னை என்ற கண்டல் மரம் நிற்கும் சேற்றுக்கும் வங்காரவாசி என்ற உவர்நிலப் பூண்டு படர்ந்த மேட்டுக்கும் ஒரு சாண்தான் வித்தியாசம். போதாக்குறைக்கு, 2004 சுனாமி பாலத்தையே அடித்துக்கொண்டு போன முகத்துவாரம் இது. அதற்கு முந்தைய உயரத்தை வைத்து இன்றைய செடிக்குக் கணக்குச் சொல்வது எப்படி?

ஆகவே ட்ரோன். பறக்கவிடலாமா என்பதை டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வான்வெளி வரைபடத்தில் பார்த்துக்கொண்டோம். உண்மையான தொல்லை காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவத்தில் வீசும் காற்றில் ட்ரோன் தாக்குப்பிடித்தாலும் செடி ஆடிக்கொண்டே இருக்கும். ஒரே இலை அடுத்தடுத்த படங்களில் வெவ்வேறு இடத்தில் இருந்தால், படங்களை ஒட்டி உயரம் கணக்கிடும் மென்பொருள் திணறிவிடுகிறது. காற்று எழுவதற்கு முன், விடிந்த கையோடு பறப்பதே நல்லது; உச்சி வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைப் பறிக்கும் சிக்கலும் அப்போது இல்லை.

அப்படிக் கிடைத்த உயரமும் இலைமுடியின் உயரம்தான், தரையின் உயரம் அல்ல. தரைக்கு நடந்துதான் போக வேண்டும். துல்லிய ஜிபிஎஸ் கருவியை ஊன்றியதும் திரையில் வந்த எண்ணைப் பார்த்து உடன் வந்த தம்பி திகைத்துப்போனான்: கடற்கரையில் நிற்கிறோம், கருவியோ மைனஸ் 90 மீட்டருக்கும் கீழே என்கிறது. கருவியில் பழுதில்லை. அது கடல்மட்டத்திலிருந்து அளப்பதில்லை; பூமியின் வடிவத்துக்குக் கணிதத்தில் வகுத்த வழவழப்பான நீள்வட்டத்திலிருந்து அளக்கிறது. குமரிக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்புக் குறைவால் கடல்மட்டம் அந்த நீள்வட்டத்துக்கு 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. கடல்மட்டத்தில் உலகிலேயே பெரிய பள்ளம் அதுதான். இந்த ஏற்றத்தாழ்வை இடத்துக்கு இடம் சொல்லும் புவியுரு மாதிரியைக் கொண்டு திருத்தினால் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் அளவுகோல் ஒன்றைச் சேற்றில் நட்டு, காயலின் நீர்மட்டத்தை நேரம் குறித்துப் படித்தோம்.

கருவியின் கோல் சேற்றில் இறங்கிக்கொண்டே போனது. வள்ளக்கார அண்ணாச்சிதான் சொன்னார்: “அடியில் ஒரு தட்டைப் பூட்டு மக்களே, இல்லையென்றால் பாதாளத்தைத்தான் அளப்பாய்.” கையகல இரும்புத் தகடு ஒன்றை அடியில் முடுக்கிய பிறகே எண்கள் நிலைத்தன.

அவர் சொன்ன இன்னொன்று அதைவிடப் பெரிது. பொழி, அதாவது காயல் கடலில் திறக்கும் வாய், மணலால் அடைத்துக் கிடக்கும் மாதங்களில் காயலுக்குள் ஓதமே வராது. ஆற்றுத் தண்ணீர் தேங்கி நிற்கும். பொழி முறிந்து வாய் திறந்ததும் மட்டம் சடாரென்று இறங்கும். அப்படியானால் ஓத அட்டவணையையும் தரை உயரத்தையும் மட்டும் வைத்துச் செடியைக் கணிக்க முடியாது. சென்டினல்-2 செயற்கைக்கோளின் 10 மீட்டர்ப் படங்களைப் பழையதிலிருந்து எடுத்து, பொழி திறந்தவை, அடைத்தவை என்று பிரித்து, ஒவ்வொரு கட்டமும் எத்தனை முறை நனைந்திருக்கிறது என்று தனி அடுக்காகச் சேர்த்தேன். வரைபடம் அதன் பிறகுதான் தேறியது.

உயரம் கைகொடுத்த இடம் சீமைக்கருவேலம். வான்படத்தில் அதுவும் கண்டல் மரங்களும் ஒரே பச்சை. ஆனால் கருவேலம் வரப்பிலும் மேட்டிலும்தான் நிற்கிறது. அளந்த தரை உயரத்தைச் சேர்த்ததும் இரண்டும் பிரிந்துவிட்டன. வங்காரவாசி அப்படி மசியவில்லை. உப்பு ஏறிய கோடையில் தண்டும் இலையும் சிவந்து, படத்தில் ஈரச் சேறு போலவே தெரிகிறது. அதற்கு மழைக்குப் பிந்தைய படம்தான் வேண்டும். உப்பளப் பாத்திகளின் வரப்பில் ஓடும் உமரி என்ற உப்புச் செடியின் மெல்லிய கீற்று செயற்கைக்கோள் படத்தில் விழவே இல்லை. ட்ரோனில் மட்டும் தெரிந்தது.

நன்னீர் வரும் மேல்பக்கத்தில் சம்பும் கோரையும் பின்னிக் கிடக்கின்றன. நேரில் நின்றே எல்லை சொல்ல முடியாத இடம் அது. இரண்டையும் ஒரே நிறத்தில் காட்டிவிட்டேன்.