கொடியில் காயும் மஞ்சள் துண்டு

வெள்ளவத்தையில் குடியேறிய மூன்றாம் நாள், துவைத்த துணிகளைப் பால்கனிக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுப் பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்துக் கேட்டார். "பிள்ளை, உது என்ன, கோயில்ல தந்த துணியோ?"

முகம் துடைக்கிற அளவில் ஒரு மஞ்சள் துண்டு அது. நடுவே கறுப்பில் எழுத்து. ஒன்பது வருடத் துவைப்பில் ஓரத் தையல் பிரிந்து நூல் தொங்குகிறது. ஒரு மூலையில் போகவே போகாத காபிக் கறை. கீழ் வீட்டுப் பையன் அதை சிஎஸ்கே துண்டு என்றே நினைத்திருக்கிறான். சென்னைக்காரியின் வீட்டில் மஞ்சள் துண்டு இருந்தால் வேறென்ன நினைப்பான்? ஆனால் அது அமெரிக்காவில் நான் முன்பு இருந்த பிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து வந்தது. ஸ்டீலர்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகர்கள் தலைக்கு மேல் சுழற்றுகிற 'டெரிபிள் டவல்'. மைரன் கோப் என்ற வானொலி வர்ணனையாளர் 1975இல் தொடங்கிவைத்த பழக்கம். அதன் விற்பனையில் வரும் பணம் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு பள்ளிக்குப் போகும்படி அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

இதையெல்லாம் பால்கனியில் நின்றபடி சொன்னேன். "அப்ப கோயில் துணி மாதிரித்தான்" என்றார் அங்கிள்.

2023இல் என் கணவருக்குக் கொழும்பில் வேலை மாற்றம் வந்தபோது, பக்கத்து நாடுதானே, தமிழ் பேசுகிற இடம்தானே, பழகுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தோம். பழகுவதற்கு நிறையவே இருந்தது. பிரெட் இங்கே பாண். சோப்பு சவர்க்காரம். பேசுவது கதைப்பது. முதல் மாதம் கடையில் எதைக் கேட்டாலும் "இந்தியாவோ?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். காலி வீதியின் இரைச்சல் ஒரு பக்கம், கடலோர ரயிலின் தடதடப்பு மறுபக்கம். உப்புக் காற்றில் பால்கனிக் கதவின் கொண்டி மூன்று மாதத்தில் துருப்பிடித்தது. இடியப்பமும் சொதியும் ஒரு வாரத்தில் பழகிவிட்டன. கட்டச் சம்பலின் காரத்துக்குத்தான் கொஞ்ச நாள் ஆனது.

பழக அதிக நாள் எடுத்தது, இங்கே எல்லாரும் யாரோ ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்வதுதான். அங்கிளின் மூத்த மகன் கனடாவின் ஸ்கார்பரோவில். மகள் சூரிச்சில். மேல் வீட்டு அன்ரியின் பிள்ளைகள் லண்டனில். நாங்கள் வருவதற்கு முந்தைய வருடம், 2022இன் நெருக்கடியில், இந்த நாடு 9 லட்சத்துக்கும் மேல் பாஸ்போர்ட் வழங்கியிருந்தது. 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். எங்கள் மாடிக் கட்டடத்திலேயே பூட்டிய வீடுகள் நான்கு. மாதம் ஒரு தடவை யாராவது வந்து ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டுப் போவார்கள்.

பூட்டிய வீடுகள் எனக்குப் புதிதில்லை. பிட்ஸ்பர்க்கில் நான் பார்த்துப் பழகிய காட்சி அது. 1950இல் அந்த நகரத்தில் 6,76,000 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 3,03,000. பாதிக்கும் கீழே. கொஞ்சம் பேர் புறநகருக்குப் போனார்கள். எண்பதுகளில் உருக்காலைகள் வரிசையாக மூடியபோது மற்றவர்கள் டெக்சஸுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் எங்கெங்கோ போனார்கள். ஹோம்ஸ்டெட் ஆலை 1986இல் மூடியது. அது நின்ற இடத்தில் இப்போது கடைத்தொகுதி இருக்கிறது. பழைய புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பக்கம் காரில் போகும்போதெல்லாம் நான் அவற்றை எண்ணியபடி போவேன்.

பாதியாகச் சுருங்கிய அந்த ஊரில் மூன்று பெரிய தொழில்முறை அணிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் கறுப்பும் மஞ்சளும்தான் நிறம். இது எப்படி நடக்கிறது என்பதுதான் நானும் அங்கிளும் பால்கனிக்குப் பால்கனி மாதக் கணக்கில் பேசிய விஷயம். அவருக்கு அமெரிக்கக் கால்பந்து ஒரு விதியும் தெரியாது. ஆனால் ஊர் காலியாவது என்றால் என்னவென்று என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் யாழ்ப்பாணத்துத் தீவான புங்குடுதீவுக்காரர்.

"எங்கட ஊரில இப்ப ஆக்கள் குறைவு பிள்ளை. ஆனா திருவிழாவுக்கு வந்து பாருங்கோ. கனடாவில இருக்கிறவன்ட உபயம் ஒரு நாள், சுவிஸில இருக்கிறவன்ட உபயம் ஒரு நாள். தேர் இழுக்க எண்டே லீவு போட்டு வருகினம்."

அவர் சொன்னதும் எனக்கு பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில் ஞாபகம் வந்தது. எழுபதுகளில், உருக்குத் தொழில் தடுமாறத் தொடங்கிய காலத்தில், பென் ஹில்ஸ் குன்றில் கட்டிய கோயில். உள்ளூர்க்காரர்களை மட்டும் நம்பியிருந்தால் அது அப்படி வளர்ந்திருக்காது. நியூஜெர்சியிலிருந்தும் ஒஹாயோவிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதன் பலம். ஸ்டீலர்ஸுக்கும் அதே கதை. வேலை தேடிப் போன குடும்பங்கள் அணியையும் கூடவே எடுத்துப் போயின. வேறு ஊரில் நடக்கும் ஆட்டத்தில் எதிரணியின் மைதானமே மஞ்சள் துண்டால் நிரம்பி வழிவதை நான் டிவியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உள்ளூரிலும் 1972இலிருந்து டிக்கெட் மிஞ்சியதில்லை.

ஆனால் அங்கிள் அதோடு விடவில்லை. "கோயிலைத் தூக்கிக்கொண்டு போக ஏலாது. டீமைக் கொண்டு போகலாம்தானே?"

கொண்டு போகலாம். கொண்டு போனார்கள். பிட்ஸ்பர்க்கிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் கிளீவ்லாந்தில் அது நடந்தது. 1995இல் பிரவுன்ஸ் என்ற கால்பந்து அணியின் உரிமையாளர் அதை பால்டிமோருக்கு மாற்றப்போவதாக அறிவித்தார். ஊர் வழக்குப் போட்டது. ஆட்டக்காரர்கள் போனார்கள். பெயரும் நிறமும் பழைய சாதனைகளும் ஊருக்கே என்று முடிவானது. 1999இல் அதே பெயரில் புது அணி வந்தது. அந்த நடு மூன்று வருடங்களைப் பற்றி என் கிளீவ்லாந்து சிநேகிதி பேசும்போது குரல் இறங்கிவிடும். அவள் அப்பா அந்த வருடங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியைத் திறக்கவே மாட்டாராம்.

சுருங்குகிற ஊர் என்பதால்தான் அணி போகிறதா? நான் அப்படி நினைக்கவில்லை. கலிபோர்னியாவின் ஓக்லாந்து சுருங்கிய ஊர் அல்ல. அதுவே 2019க்கும் 2024க்கும் இடையில் தன் மூன்று பெரிய அணிகளையும் இழந்தது. மறுபக்கம், கிரீன் பே என்ற ஊரில் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான். பேக்கர்ஸ் என்ற கால்பந்து அணி நூறு வருடத்துக்கு மேலாக அங்கேயே இருக்கிறது. காரணம், அதற்குத் தனி முதலாளி கிடையாது. 1923இலிருந்து பொதுமக்களுக்குப் பங்கு விற்று நடக்கிற அணி. லாபப் பங்கு ஒரு பைசா கிடைக்காது, ஆனால் யாராலும் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்த மாதிரி உரிமையை லீக் இப்போது வேறு யாருக்கும் அனுமதிப்பதில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு.

பிட்ஸ்பர்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊர், அதே மக்கள், மூன்று அணிகளுக்கு மூன்று தலையெழுத்து. கால்பந்து அணிக்குக் குறையே இல்லை. அதற்கு முதல் காரணம் 1961இல் அந்த லீக் எடுத்த முடிவு. தேசிய டிவி உரிமைப் பணத்தை எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிப்பது என்று தீர்மானித்தார்கள். பெரிய சந்தையைக் கையில் வைத்திருந்த நியூயார்க் உரிமையாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். இன்று 32 அணிகள். 2023இல் தொடங்கிய ஒப்பந்தங்கள் 11 வருடத்துக்குச் சுமார் 11,000 கோடி டாலர். அதில் நியூயார்க்குக்கு என்ன பங்கோ அதே பங்குதான் பிட்ஸ்பர்க்குக்கும். 1933இலிருந்து ஒரே ரூனி குடும்பத்தின் கையில் அணி இருப்பது இரண்டாவது காரணம்.

பேஸ்பால் அணியான பைரேட்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த விளையாட்டில் சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது. உள்ளூர் டிவி வருமானம் ஊருக்கு ஊர் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். வளர்த்து ஆளாக்கிய வீரரைப் பெரிய ஊர் வாங்கிக்கொண்டு போய்விடும். 1993 முதல் 2012 வரை, தொடர்ந்து 20 வருடம், ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். 2001இல் ஆற்றங்கரையில் கட்டிய மைதானமோ அத்தனை அழகு! பாலமும் நகரமும் எதிரே தெரியும். ரசிகர்கள் அன்பில்லாமல் இல்லை. ஒரு ஜூலை மாலை, ஏழு வயதுப் பேரனுக்கு ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அணி எட்டு ரன் பின்தங்கியிருந்தது. அவர் ஒரு கட்டத்தைக்கூட விடாமல் நிரப்பவைத்தார்.

ஹாக்கி அணி பெங்குவின்ஸ் 1998இல் திவாலானது. தனக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கியை உரிமைப் பங்காக மாற்றிக்கொண்டு அதை மீட்டவர் அதன் நட்சத்திர ஆட்டக்காரர் மரியோ லெமியு. அப்புறமும் 2007இல் கான்சஸ் சிட்டிக்குப் போகும் நிலை வந்தது. புது அரங்கம் கட்டித்தர ஒப்பந்தமான பிறகுதான் ஊர் மூச்சு விட்டது.

இந்த அரங்கம் கட்டுகிற விஷயத்தில் எனக்குக் கோபம் இருக்கிறது. 1997இல் புது மைதானங்களுக்காக வரி உயர்த்தலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். வேண்டாம் என்று வாக்களித்தார்கள். பிறகு வேறு வழியில், ஏற்கனவே வசூலாகிற விற்பனை வரியிலிருந்து, கட்டியே விட்டார்கள். பழைய மைதானத்தை 2001இல் வெடிவைத்துத் தகர்த்தபோது அதைக் கட்டிய கடன் முழுதாக அடைந்திருக்கவில்லை. மக்கள் குறைகிற ஊரில், மிஞ்சியிருக்கிறவர்களின் தலையில் அந்தச் சுமை ஏறுகிறது. "போய்விடுவோம்" என்ற ஒற்றை வார்த்தையை வைத்து ஓர் ஊரிடம் பணம் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. டெக்சஸிலிருந்து துண்டு சுழற்றுகிறவர் அந்த வரியைக் கட்டுவதில்லை. ஆகவே, சுருங்கும் ஊரால் அணியைக் காப்பாற்ற முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும், ஆனால் பணத்தைப் பிரிக்கும் விதி எப்படி, சாவி யார் கையில் என்று திருப்பிக் கேட்பேன்.

அங்கிளுக்கு இதைச் சொன்னபோது கொழும்பு அணியைக் காட்டினார். லங்கா பிரீமியர் லீக்கில் 2020இல் கொழும்பு கிங்ஸ். அடுத்த இரண்டு வருடம் கொழும்பு ஸ்டார்ஸ். 2023இல் கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ். "முதலாளி மாற பேரும் மாறுது. எந்தப் பேரைச் சொல்லிக் கத்துறது?" என்றார். ஊர் அப்படியேதான் இருக்கிறது.

அவருக்கு அணி என்றால் தமிழ் யூனியன்தான். 1899இல் தொடங்கிய கழகம். பொரளைப் பக்கம் அதன் மைதானம், பி. சரவணமுத்து அரங்கம். இப்போதும் அவர் 'ஓவல்' என்றுதான் சொல்வார். இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது அங்கேதான், 1982 பிப்ரவரியில். முதல் டெஸ்ட் வெற்றியும் அங்கேதான், 1985இல், எங்கள் இந்தியாவுக்கு எதிராக. முரளிதரன் ஆடிய கழகம். 1948இல் பிராட்மன் கப்பலில் இங்கிலாந்து போகிற வழியில் இங்கே இறங்கி ஆடியபோது இலங்கை அணிக்கு சதாசிவம் தலைவர். அன்று ஆடுகளம் 22 கஜத்துக்குப் பதில் 20 கஜமாக இருந்தது. இந்தக் கதையை அங்கிள் எனக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் இரண்டு கையையும் விரித்து அந்த இரண்டு கஜத்தைக் காட்டினார்.

அமெரிக்காவில் ஞாயிறு மதியம் ஒரு மணி ஆட்டம் கொழும்பில் இரவு பத்தரைக்கு, நவம்பருக்குப் பிறகு பதினொன்றரைக்கு. இரவு ஆட்டம் என்றால் திங்கள் விடியலில். போன குளிர்காலத்தில் ஒரு விடியல் ஆட்டத்துக்கு அங்கிள் பிளேன்ரீ ஃபிளாஸ்க்கோடு வந்து உட்கார்ந்தார். எதுவும் புரியாவிட்டாலும் துண்டு சுழலும்போது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். பதிலுக்கு நான் அவரோடு ஓவலுக்குப் போனேன்.

கழகங்களுக்கிடையிலான ஒரு மூன்று நாள் ஆட்டம். அனுமதி இலவசம். அவ்வளவு பெரிய அரங்கில் என் கணக்குக்கு இருபத்தேழு பேர். அதில் நாலைந்து பேர் ஆட்டக்காரர்களின் வீட்டுக்காரர்கள். அங்கிள் வழக்கமான இடத்தில், நிழல் விழும் பக்கம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டார். பையிலிருந்து கோடு போட்ட கொப்பியை எடுத்தார். பென்சிலால் ஒவ்வொரு ஓவரையும் எழுதிக்கொண்டே வந்தார். ஓட்டம் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி, விக்கெட்டுக்குச் சிவப்புப் பேனா. மட்டையில் பந்து படும் ஓசை காலி இருக்கைகளில் பட்டுத் திரும்பி வந்தது.

தேநீர் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு அவர் ஃபோன் அடித்தது. ஸ்கார்பரோ மகன். அங்கே விடிந்திருக்கவே இல்லை. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, எத்தினை?"

"நூற்றி அறுவத்தெட்டுக்கு ஆறு. இடதுகைப் பெடியன் நிக்கிறான். பொறு, இந்த ஓவர் முடியட்டும்."

அந்தப் பக்கம் மகன் காத்திருந்தான். அங்கிள் பென்சிலைக் கொப்பியில் ஊன்றியபடி, பந்து வீச ஓடி வருகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.